பரதநாட்டியத்தில் ஹஸ்தங்கள்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நடன வகுப்பில் சேர்ந்து சில மாதங்களான குழந்தையை, வீட்டுக்கு வரும் உறவினர் முன் நிறுத்தி முத்திரைகளை ஒப்பிக்கச் சொல்வது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. பதாகத்தில் தொடங்கித் திரிசூலத்தில் முடியும் 28 ஒற்றைக் கை ஹஸ்தங்களையும் (முத்திரைக்கு நடன நூல்கள் தரும் பெயர்) மூச்சு விடாமல் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் விரல்களைச் சரியாகப் பிடித்துக் காட்டிவிட்டால், முத்திரைப் பாடம் முடிந்தது என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆயினும் பரதநாட்டியம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் என்ற முறையில், அந்தக் கட்டத்தில் குழந்தை கைவடிவங்களை மட்டுமே கற்றிருக்கிறது என்பதையும், அவற்றைக் கொண்டு பொருளுணர்த்தும் பயிற்சி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று பெரும்பாலான வகுப்புகள் பின்பற்றும் இந்த வரிசை, நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் என்னும் வடமொழி நடன நூலில் உள்ளது. ஒவ்வொரு ஹஸ்தத்துக்கும் விரல்களை எவ்வாறு வைப்பது என்று கூறியபின், அதை எங்கெங்கு பயன்படுத்தலாம் என்னும் விநியோகத்தை அந்நூல் அடுக்குகிறது. விரல்களைச் சேர்த்து நீட்டி, கட்டைவிரலை மடக்கிய பதாகத்தின் விநியோகம் மிக நீளமானது: மேகம், காடு, ஒன்றை வேண்டாமென்று விலக்குதல், இரவு, ஆறு, குதிரை, காற்று, நிலவொளி, கடும் வெயில், கதவைத் தட்டுதல், அலை, ஆசி, கடல், மாதம், ஆண்டு என்று அது போய்க்கொண்டே இருக்கும். ஒரே கை நிலவுக்கும் வெயிலுக்கும் எப்படிப் பொருந்தும் என்று எந்தக் குழந்தை கேட்கிறதோ, அந்தக் குழந்தையைத்தான் நான் அதிகம் விரும்புவேன். வெயிலுக்கு அந்தக் கை நெற்றிக்கு மேல் மறைப்பாக உயர்கிறது, கண் சுருங்குகிறது, கழுத்து சற்றே விலகுகிறது. நிலவொளிக்கு அதே கை மேலிருந்து மெதுவாக இறங்க, முகம் மலர்கிறது. விலக்குவதற்கு உள்ளங்கை எதிரிலிருப்பவரை நோக்கித் திரும்பி நிற்கிறது. அலைக்கு இரு கைகளும் தரையை நோக்கியபடி மணிக்கட்டிலிருந்து ஏறி இறங்குகின்றன. கை நிற்கும் இடமும், உள்ளங்கையின் திசையும், அசைவின் வேகமும், பார்வையும், பின்னால் ஒலிக்கும் பாடலின் சொல்லும் சேரும்போதுதான் பார்ப்பவருக்குப் பொருள் கிடைக்கிறது. கை செல்லும் இடத்துக்குக் கண்ணும், கண் செல்லும் இடத்துக்கு மனமும் செல்ல வேண்டும் என்று அந்நூலே வலியுறுத்தியிருக்கிறது. அந்தச் சுலோகத்தையும் குழந்தைகள் ஒப்பிக்கிறார்கள், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு.

ஒரு மலர் விரிவதைக் காட்டுவதை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து விரல் நுனிகளும் கூடிய முகுளத்தில் அது மொட்டு. விரல்கள் சற்று விலகிக் குழிந்த பத்மகோசத்தில் பாதி விரிந்த நிலை. விரல்கள் சுழன்று அகன்ற அலபத்மத்தில் முழுமலர். மூன்றையும் தனித்தனியாக அறிந்த மாணவர்கூட ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுவதுண்டு. அந்த இடைவெளியில் விரல்கள் எவ்வளவு நிதானமாகப் பிரிகின்றன என்பதில்தான் மலர் இருக்கிறது. அதற்குப் பட்டியலில் பெயரில்லை. வடிவத்தில் கறாராக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. இடக்கையில், கட்டைவிரல் நிமிர்ந்த முட்டியான சிகரம் வில்லைப் பிடிக்க, வலக்கையில் கபித்தம் வந்தால் இராமன். கடகாமுகம் வந்தால் மன்மதன். கபித்தத்தில் ஆள்காட்டி விரல் மட்டும் கட்டைவிரல் மேல் வளைகிறது. கடகாமுகத்தில் நடுவிரலும் சேர, மற்ற இரண்டும் உயர்கின்றன. இந்தச் சிறு வேறுபாட்டை அலட்சியம் செய்தால் காவியமே மாறிவிடும்.

எல்லாக் கைக்கும் பொருள் தேடுவதும் தவறான பழக்கம். பாடல் வரிகள் இன்றி ஸ்வரங்களுக்கு ஆடும் ஜதிஸ்வரத்தில் அலபத்மம் வருகிறதே, அங்கே தாமரை எதற்கு என்று பெற்றோர் கேட்பதுண்டு. அடவுகளில், அதாவது அடிப்படை ஆடல் அசைவுகளில், வரும் கை உடலின் கோட்டை நிறைவு செய்யும் அழகுக்கானது. அதற்குப் பொருள் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியனின் தகுதியைக் கூறும் இடத்தில் அழகுக்கான கையை எழிற்கை என்றும், செயலைக் காட்டும் கையைத் தொழிற்கை என்றும் பிரித்தே குறிப்பிடுகிறது. கச்சேரியின் முடிவில் தாளத்துக்கு ஆடும் தில்லானாவின் ஒவ்வொரு அசைவுக்கும் கதை கற்பிக்கும் காணொளிகளை இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டு பார்த்தால் போதும்.

மரபுக்கு மரபு பெயர் மாறுவதும் தெரிந்திருக்க வேண்டும். கதகளியும் மோகினியாட்டமும் ஹஸ்தலட்சண தீபிகை என்னும் நூலின் 24 முத்திரைகளைப் பின்பற்றுகின்றன. அங்கே பதாகம் என்பது மோதிர விரலை மடக்கிய கை. நாம் அதைத் திரிபதாகம் என்கிறோம். கதகளி பார்க்கும் குழந்தை ‘தப்பாகப் பிடிக்கிறார்கள்’ என்று சொன்னால் திருத்துவது பெரியவர்களின் கடமை.

திரிபதாகம் தொடர்பாக உடல் சார்ந்த செய்தி ஒன்றும் உண்டு. மோதிர விரலை மட்டும் மடக்கும்போது சுண்டு விரலும் சேர்ந்து மடங்கினால், அதைச் சோம்பல் என்று அதட்டுகிறார்கள். விரல்களை மடக்கும் ஆழ்தசை முன்கையில் இருக்கிறது. நடு, மோதிர, சுண்டு விரல்களுக்கான அதன் பகுதிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்தே இயங்குகின்றன. ஆகவே ஒன்றைத் தனியே இயக்குவது எவருக்கும் கடினம். அது பழக்கத்தால் மெல்ல வர வேண்டியது. அலபத்மம் நன்றாக விரிய வேண்டுமென்று குழந்தையின் விரல்களைப் பின்பக்கமாக வலிக்க வலிக்க வளைப்பதை ஆசிரியர் செய்தாலும் பெற்றோர் செய்தாலும் நிறுத்திவிட வேண்டும். இவ்வாறு இழுப்பதால் மூட்டின் பிணைப்புத் திசுக்கள் தளரவும் காயமடையவும் கூடும். வகுப்புக்குப் பிறகும் விரல் மூட்டில் வலியோ வீக்கமோ நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

ஹஸ்தங்களைப் பிடித்தால் நோய் தீரும் என்னும் விளம்பரங்களும் பெருகியிருக்கின்றன. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தொடும் ஹம்சாஸ்யம், தியானத்தில் பிடிக்கும் சின் முத்திரையைப் போலவே தோன்றினாலும், அபிநய தர்ப்பணம் அதற்குச் சொல்லும் பயன்கள் மாங்கல்யம் கட்டுதல், உபதேசம், முத்து, விளக்குத் திரி போன்றவை. அந்த விநியோகத்தில் மருத்துவம் இல்லை. நடன வகுப்பைச் சிகிச்சையாக எண்ணி மருந்தை நிறுத்துவதை எந்தப் பொறுப்புள்ள ஆசிரியரும் ஏற்கமாட்டார்.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று அறிய விரும்பும் பெற்றோர், குழந்தையிடம் பெயர்களைக் கேட்பதை விட்டு, ‘மழை வருகிறது, நீ குடை எடுக்க மறந்துவிட்டாய், எப்படிக் காட்டுவாய்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். கையைப் பிடித்தவுடன் அதன் கண்ணும் வானத்தைப் பார்த்தால், அந்த வகுப்பிலேயே தொடரலாம். விரல்களைப் பிடித்துவிட்டு ‘இது பதாகம்’ என்று மட்டும் சொன்னால், பொருளுணர்த்தும் பயிற்சி எப்போது தொடங்கும் என்று ஆசிரியரிடம் விசாரிப்பதில் தவறில்லை.