ஷுல்ட்: கடனா, பழியா?

பெர்லின் டிராமில் யாராவது உங்கள் காலை மிதித்துவிட்டால் ‘எண்ட்ஷுல்டிகுங்’ என்பார்கள். நம் ‘சாரி’ மாதிரிதான். பிரித்துப் பார்த்தால் ‘என்மேல் உள்ள ஷுல்டை நீக்கிவிடுங்கள்’ என்று வரும்.

இந்த ‘ஷுல்ட்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள்: குற்றம், கடன். குற்றவாளி ‘ஷுல்டிக்’, கடனாளி ‘ஷுல்ட்னர்’. பன்மையில் ‘ஷுல்டன்’ என்றால் பெரும்பாலும் கொடுக்கவேண்டிய பணம்தான். பழைய ஜெர்மானிய வேர் ‘ஸ்குலன்’. கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது என்று பொருள். ‘செய்யவேண்டும்’ எனப் பொருள்படும் இன்றைய ‘ஸொல்லன்’, ஆங்கிலத்தின் ‘ஷல்’, ‘ஷுட்’ எல்லாம் இதே குடும்பம். குற்றம் என்ற பொருள் கடனிலிருந்து கிளைத்தது என்று 1887-இல் ஜெர்மன் தத்துவவாதி நீட்ஷே ஒரு வாதமே கட்டினார்.

இந்த இரட்டைப் பொருளை மேடையில் பார்க்க ஃப்ரீட்ரிஷ் ட்யூரன்மாட்டின் ‘முதிய சீமாட்டியின் வருகை’ நாடகம் போதும். அவர் சுவிட்சர்லாந்துக்காரர், எழுதியது ஜெர்மனில். 1956-இல் சூரிச்சில் அரங்கேறியது. நொடித்துப்போன க்யூலன் ஊருக்குக் கோடீஸ்வரி கிளேர் திரும்பி வருகிறாள். 45 வருடத்துக்கு முன் வயிற்றில் பிள்ளையோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவள். காரணமான ஆல்ஃப்ரெட், ஒரு லிட்டர் சாராயம் கொடுத்து இரண்டு பொய்ச்சாட்சிகளைப் பிடித்து, பிள்ளை தன்னுடையது இல்லை என்று வழக்கில் தப்பியவன். இப்போது அவன் ஊர் மெச்சும் கடைக்காரன். அவனைக் கொன்றால் ஊருக்கு 100 கோடி தருகிறேன் என்கிறாள் கிளேர்.

ஊர் கொதித்து மறுக்கிறது. அப்புறம்தான் வேடிக்கை. ஆல்ஃப்ரெட்டின் கடைக்கு வருபவர்கள் நல்ல பால், வெண்ணெய், சாக்லேட், கொன்யாக் என்று கேட்கிறார்கள். காசு? ‘கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.’ எல்லார் காலிலும் புது மஞ்சள் ஷூ. எதை வைத்துக் கட்டப்போகிறார்கள் என்று அவனுக்குச் சட்டென்று உறைக்கிறது. ஊரின் ஷுல்டன் ஏற ஏற, அவனுடைய பழைய ஷுல்டும் எல்லார் நினைவுக்கும் வருகிறது!

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் ‘குற்ற உணர்ச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது உணர்ச்சி மட்டும். அதற்கு ஜெர்மனில் ‘ஷுல்ட்கெஃபூல்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ஆல்ஃப்ரெட்டுக்கு முதலில் எந்த உறுத்தலும் இல்லை, ஆனாலும் ஷுல்ட் அவன்மேல்தான் இருக்கிறது.

நம் ‘கடன்’ பாதி தூரம் வரும். ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்ற அப்பர் வாக்கில் அது கடமை. மளிகைக் கடையில் அது பாக்கி. காலைக்கடனைச் சொல்லவே வேண்டாம். குற்றம் என்ற பொருள் மட்டும் வழக்கில் ஏறவில்லை. பழைய தமிழ் விவிலியத்தில் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று இருக்கிறதே என்பீர்கள். அங்கே மூலக் கிரேக்கச் சொல்லே கடன்தான். ஜெர்மன்காரர் அதே இடத்தில் ஷுல்ட் என்றுதான் வேண்டுகிறார்.

என் தேர்வு ‘பழி’. செய்தவன் மறந்தாலும் அவன்மேல் ஒட்டிக்கொண்டிருப்பது அது. வினையில் இன்னொரு வசதி: கடனும் ‘தீர்’வது, பழியும் ‘தீர்’வது. கடைசிக் காட்சியில் ஆல்ஃப்ரெட் பிணமாகக் கிடக்க, கிளேர் மேயரிடம் காசோலையைக் கொடுக்கிறாள். அந்த இடத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ‘தீர்ந்தது’ என்று ஒரே சொல் போட்டாலும் இரண்டு கணக்கையும் அது சொல்லிவிடும்.