நாள்பட்ட சைனஸ் அழற்சியும் வைட்டமின் மாத்திரைகளும்

மூக்கடைப்பு, மூக்கொழுகல், முகத்தில் அழுத்தம், வாசனை தெரியாமை போன்றவை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் இந்தத் தொல்லையோடு வாழ்பவர்கள் வைட்டமின் மாத்திரைகளில் நம்பிக்கை வைப்பது இயல்பே. அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு அடிப்படை இருக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளே சைனஸ்கள். அவற்றின் சளிச்சவ்வில் உள்ள மயிர் போன்ற நுண்ணிய குற்றிழைகள், தூசியையும் கிருமிகளையும் பிடித்து வைத்திருக்கும் சளியை அறையின் வாயிலை நோக்கி ஓயாமல் தள்ளுகின்றன. கன்னத்துக்குப் பின்னால் உள்ள பெரிய சைனஸின் வாயில் அதன் மேற்பகுதியில் இருப்பதால், அங்கே சளி புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டியிருக்கிறது. சவ்வு வீங்கி வாயில் அடைபட்டால் சளி தேங்குகிறது. தேங்கிய சளி அழற்சியை மேலும் வளர்க்கிறது. சிலருக்கு ஈயோசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் சவ்வில் குவிந்து, மூக்கினுள் சதை வளர்கிறது.

வைட்டமின் டி பேசப்படுவது இந்த இடத்தில்தான். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டுத் தோலில் உருவாகும் இது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து செயல்வடிவம் பெறுகிறது என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் சைனஸ் சவ்வின் செல்களிடமே அந்தக் கடைசி மாற்றத்தைச் செய்யும் நொதி இருக்கிறது. அவ்வாறு உருவாகும் செயல்வடிவம் கேத்தலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதத்தின் உற்பத்தியைத் தூண்டுவதோடு, நோய் எதிர்ப்புச் செல்களின் அளவுமீறிய கொந்தளிப்பையும் தணிக்கிறது. மூக்கில் சதை வளர்ந்தவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஆயினும் குறைபாடு நோயை உண்டாக்கியதா, நோயுற்றவர் வெயிலில் நடமாடாததால் குறைபாடு வந்ததா என்பதை இத்தகைய ஒப்பீடு மட்டும் சொல்லிவிடாது. அதற்கு மாத்திரை கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் தேவை. அறுவை சிகிச்சைக்குப் பின் வைட்டமின் டி பெற்றவர்களுக்குப் பலன் தெரிந்ததாகச் சில சிறிய சோதனைகள் கூறினாலும், அதைத் தனிச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க அவை போதா என்பதே என் கருத்து.

வைட்டமின் ஏ இல்லாத உணவில் வளர்ந்த எலிகளின் சுவாசப் பாதையில் குற்றிழைச் செல்கள் மறைந்து, தோல் போன்ற தடித்த செல்கள் அங்கே வளர்வதை 1925-இல் வோல்பாக், ஹோவ் என்னும் ஆய்வாளர்கள் விவரித்தனர். இதிலிருந்து கூடுதலாக உண்டால் சவ்வு கூடுதலாக நலம்பெறும் என்று முடிவுகட்டுவது பிழை, ஏனெனில் அவர்கள் காட்டியது குறைபாட்டின் விளைவை. மேலும், மிகையான வைட்டமின் ஏ கல்லீரலையும் வயிற்றிலுள்ள கருவையும் பாதிக்கும். வைட்டமின் சி விஷயத்தில் சான்று இன்னும் மெலிந்தது. நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம்.

முதல்நிலைச் சிகிச்சை இன்றும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும்தான். கழுவும் நீர் கொதித்து ஆறியதாகவோ, ஆவியாக்கிக் குளிர்வித்து வடித்தெடுத்ததாகவோ (டிஸ்டில்டு வாட்டர்) இருக்க வேண்டும். இவற்றோடு, வைட்டமின் டி அளவை இரத்தப் பரிசோதனையில் பார்த்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் ஈடுசெய்வது எலும்புக்கும் தசைக்கும் எப்படியும் நல்லது. பரிசோதிக்காமல் பெரிய அளவில் மாதக்கணக்காக விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதடையக்கூடும். மாத்திரை தொடங்கியதை நம்பி ஸ்பிரேயை நிறுத்துவதும் கூடாது. ஸ்பிரேயின் முழுப் பலன் தெரியவே பல வாரங்கள் ஆகும்.