லாபிக் கண்ணாடி நிற்பதில்லை, தொங்குகிறது

உயரமான கட்டடங்களின் மேல்மாடிகளில் கண்ணாடி பொருத்துவது அப்படியொன்றும் பெரிய தலைவலி இல்லை. மூன்றரை, நாலு மீட்டருக்கு ஒரு தளம் வந்துவிடும், அதில் அலுமினியச் சட்டத்தை மாட்டி உள்ளே கண்ணாடியை உட்காரவைத்தால் காற்றின் தள்ளலைத் தளங்கள் பார்த்துக்கொள்ளும். சிக்கல் கீழே லாபியில்தான். அங்கே பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு நடுவில் தளமே கிடையாது, ஆர்க்கிடெக்ட் சட்டமும் வேண்டாம் என்பார், தூணும் கண்ணில் படக்கூடாது என்பார். போதாக்குறைக்கு, கோபுரத்தின் முகத்தில் மோதுகிற காற்றில் ஒரு பங்கு கீழ்நோக்கி இறங்கி, வாசல் பக்கம் வேகமெடுக்கும். இருப்பதிலேயே பலவீனமாகத் தெரிகிற சுவருக்குத்தான் இந்த அடி.

எவ்வளவு அடி என்று ஒரு கணக்குப் போடலாம். காற்று, பாரம் பற்றிய இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும்: 1500 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. 12 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம் உள்ள சுவரில் மொத்தம் 18 டன். (இது ஆரம்பக் கணக்குதான்; உயரம், சுற்றுப்புறம், கட்டடத்தின் மூலைகள் எல்லாம் சேர்ந்து இதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும்.) அதே சுவரை 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்தால் அதன் சொந்த எடை மூன்றரை டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆக வடிவமைப்பாளரின் கவலை எடையைத் தாங்குவதைவிட, பக்கவாட்டில் வருகிற தள்ளலை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்பதில்தான் அதிகம். காற்று சுற்றிப்போகும் பக்கமாக இருந்தால் சுவரை வெளியே இழுக்கவும் செய்யும்.

சரி, கண்ணாடி அதற்குத் தாங்காதா? நன்றாகத் தாங்கும், ஒரு கீறல் இல்லாத வரைக்கும். 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஏ. ஏ. கிரிஃபித் என்ற பொறியாளர் கண்ணாடியை இழையாக இழுத்துச் சோதித்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடிக்கொண்டே போனது. கண்ணாடியைக் கெடுப்பது அதன் மேற்பரப்பில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள்தான் என்று அவர் சொன்னதன் மேல்தான் பொருள்கள் எப்படி உடைகின்றன என்று ஆராயும் முறிவியல் என்கிற துறையே எழுந்தது. எஃகில் ஓர் இடத்தில் விசை குவிந்தால் அந்த இடம் கொஞ்சம் நெளிந்து பாரத்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். கண்ணாடிக்கு நெளியத் தெரியாது, விரிசலின் முனையில் விசை குவிந்தால் நேராக உடைவதுதான். அதனால் இந்தத் தொழிலில் யாரும் மீறாத விதி ஒன்று உண்டு: உலோகம் கண்ணாடியை நேரடியாகத் தொடக்கூடாது, நடுவில் நைலானோ ரப்பரோ ஏதாவது ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

நுண்விரிசல்களை மூடிவைக்கத்தான் டஃப்பன்ட் கிளாஸ். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி இரு பக்கமும் காற்றைப் பாய்ச்சுவார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது தோலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். தோல் எப்போதும் அமுக்கத்திலேயே இருப்பதால் விரிசல் வாய் திறப்பதில்லை, வலிமை நாலைந்து மடங்கு கூடுகிறது. ஆனால் பலர் நினைப்பதுபோல விறைப்பு கூடுவதில்லை, சாதாரணக் கண்ணாடி காற்றில் எவ்வளவு வளையுமோ இதுவும் அவ்வளவே வளையும். இன்னொன்று, டஃப்பன் செய்தபிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. எல்லாத் துளைகளையும் முன்னாலேயே போட்டு, விளிம்பைப் பாலிஷ் செய்து, அப்புறம்தான் அடுப்புக்கு அனுப்பவேண்டும். சைட்டில் போல்ட் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வந்தால் கண்ணாடியைத் திருத்த வழியில்லை, உலோகத்தைத்தான் திருத்தவேண்டும்.

டஃப்பன்ட் கண்ணாடிக்கு ஒரு ரகசிய நோயும் இருக்கிறது, அதன் பெயர் நிக்கல் சல்ஃபைடு. தயாரிப்பின்போது எப்படியோ புகுந்துவிடுகிற, மில்லிமீட்டரில் ஒரு பங்கு இருக்கும் துகள் அது. வேகமாகக் குளிர்வித்ததால் தன் உயர்வெப்ப வடிவத்திலேயே மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ மெல்ல மாறி விரியும். இழுவிசையில் இருக்கும் நடுப்பகுதியில் அது உட்கார்ந்திருந்தால், யாரும் தொடாத கண்ணாடி ஒருநாள் தானாக வெடிக்கும். சிதறியது கீழே கொட்டாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அருகில் போய்ப் பாருங்கள்: சின்னச் சின்னத் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் பெரிதாக இரண்டு துண்டுகள் வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி ஒட்டி நிற்கும், அவை சேரும் கோட்டில்தான் அந்தத் துகள் இருக்கும். இதற்குத்தான் பொருத்துவதற்கு முன்பே எல்லாக் கண்ணாடிகளையும் மணிக்கணக்கில் 250 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்கிறார்கள். வெடிக்கிறது தொழிற்சாலையிலேயே வெடித்துப் போகட்டும்.

இப்போது மாட்டுவதற்கு வருவோம். உயரமான கண்ணாடியைத் தரையில் நிறுத்தினால் தன் எடையாலேயே அது வயிறு தள்ளப் பார்க்கும். மேலிருந்து தொங்கவிட்டால் எடையே அதை நேராக இழுத்துவைக்கும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1975இல் முடிந்த வில்லிஸ் ஃபேபர் கட்டடத்தில் மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடி இப்படித்தான் தொங்குகிறது, ஒன்றின் கீழ் ஒன்றாக. கீழே இருக்கும் பள்ளத்துக்குள் கண்ணாடி இறங்கியிருக்குமே தவிர அடியைத் தொட்டு உட்காராது. மேல்தளத்தில் கூட்டம் கூடி உத்தரம் சில மில்லிமீட்டர் இறங்கினாலும் அந்த இடைவெளி பார்த்துக்கொள்ளும்.

அடுத்த பெரிய தாவல் பாரிஸின் லா வில்லெட் அறிவியல் மையம், 1986. அங்கே 2 மீட்டர் சதுரக் கண்ணாடிகளை மூலைத் துளைகளில் போல்ட் போட்டுப் பிடித்தார்கள். பொறியாளர் பீட்டர் ரைஸும் அவர் குழுவும் செய்த நுணுக்கம் அந்த போல்ட்டின் தலைக்குள் இருக்கிறது, ஒரு சிறிய உருண்டை மூட்டு. அந்த உருண்டையின் மையம் கண்ணாடியின் தடிமனுக்குள்ளேயே விழும்படி வைத்தார்கள். கண்ணாடி காற்றில் வளையும்போது போல்ட் அதைத் தடுக்காமல் கூடவே திரும்பும், துளையைச் சுற்றி முறுக்கம் ஏறாது. மூட்டு கண்ணாடிக்கு வெளியே சில சென்டிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் அந்தத் தூரமே நெம்புகோலாகிவிடும். இன்று பல அலுவலக வாசல்களில் நாலு கை விரித்து நிற்கும் ஸ்பைடர்கள் என்கிற உலோகப் பிடிகள் எல்லாம் ஒருவகையில் அதன் வாரிசுகள். மலிவான சிலவற்றில் மூட்டே இருப்பதில்லை, எனக்கு அவற்றின் பக்கத்தில் நிற்கக் கொஞ்சம் தயக்கம்தான்.

எனக்குப் பிடித்தது இதற்கடுத்த கட்டம். 1990களின் முதல் பாதியில் மியூனிக் விமான நிலையத்தில் கெம்பின்ஸ்கி ஹோட்டலுக்கு ஹெல்முட் யான் வரைந்த லாபியை, ஷ்லைஷ் பெர்கர்மான் பொறியாளர்கள் எஃகுக் கேபிள்களால் மூடினார்கள். 40 மீட்டர் அகலம், 25 மீட்டர் உயரம். தூண் இல்லை, உத்தரம் இல்லை. செங்குத்துக் கேபிள்கள் எடையைச் சுமக்கின்றன, இரு பக்கக் கட்டடங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டிய கிடைக் கேபிள்கள் காற்றைத் தாங்குகின்றன. நேராக இருக்கும் கேபிளை நடுவில் தள்ளினால் முதலில் எதிர்ப்பே இருக்காது. அது வளைய வளையத்தான் இழுவிசையின் ஒரு பங்கு நமக்கு எதிராகத் திரும்பும், அதனால் இந்தச் சுவர் வளைந்தால்தான் வேலை செய்யும். பலத்த காற்றில் நடுப்பகுதி 90 சென்டிமீட்டர் வரை போய்வரலாம் என்றே கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை வளைவும் அத்தனை கண்ணாடிகளுக்கும் பங்கு போவதால் ஒரு கண்ணாடிக்கு வருகிற திருகல் கொஞ்சமே, அதை இடையில் இருக்கும் சிலிக்கான் இணைப்பு வாங்கிக்கொள்ளும். அது சரி, இப்படி ஆடுகிற சுவரில் கதவை எங்கே வைப்பது? கதவைச் சுவரோடு சேர்க்காமல் தனிப் பெட்டியாகத் தரையில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே வளையக்கூடிய இணைப்பு கொடுப்பதுதான் வழக்கம். பெய்ஜிங்கின் நியூ பாலி பிளாசாவில் எஸ்ஓஎம் என்கிற கட்டட வடிவமைப்பு நிறுவனம் இதையே 90 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனது. அவ்வளவு பெரிய வலையை ஒரே தட்டையாக விட முடியாமல் மூலைவிட்டமாகப் பெரிய கேபிள்களைப் போட்டு மடித்தார்கள், உள்ளே தொங்குகிற எட்டு மாடிக் கூடம் ஒன்றுதான் அந்தக் கேபிள்களை இறுக்கிவைக்கும் எடை.

எப்படி மாட்டினாலும் ஒரு கண்ணாடி என்றாவது உடையும் என்று வைத்துக்கொண்டே வரைய வேண்டும். அதனால்தான் இரண்டு கண்ணாடிகளை நடுவில் ஒரு படலம் வைத்து ஒட்டுகிறார்கள். 10 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால் விறைப்பு இரு மடங்கு, ஒட்டி ஒரே கண்ணாடியாக வேலை செய்தால் எட்டு மடங்கு. வழக்கமான பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலம் திடீர்க் காற்றுக்கு இறுக்கமாக நிற்கும்; நெடுநேரப் பாரத்திலும் வெயில் சூட்டிலும் தளர்ந்துபோகும். இரண்டு அடுக்கும் டஃப்பன்ட் ஆக இருந்து இரண்டுமே உடைந்தால் மொத்தமும் நனைந்த ஜமுக்காளம்போல் துவண்டு பிடிமானத்திலிருந்து நழுவலாம். அரைப்பதத்தில் வலுவூட்டிய கண்ணாடி பெரிய துண்டுகளாக உடைவதால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தலைக்கு மேலே என்றால் வலிமை குறைந்த அதையே நான் கேட்பேன், கூடவே பிவிபியைவிட விறைப்பான அயனோபிளாஸ்ட் படலமும்.

உடைந்ததை மாற்றுவது தனிக் கதை. துளையோடு வருகிற கண்ணாடியைக் கடையில் போய் வாங்க முடியாது. அதனால் முதல் ஆர்டரிலேயே ஒவ்வொரு அளவிலும் ஒன்றிரண்டு கூடுதலாகச் செய்து, அடித்தளத்தில் மரச்சட்டத்தில் சாய்த்துவைக்கவேண்டும். வெறும் டைல்ஸ் தரையில் நிறுத்தினால் மூலையில் படும் ஒரே தட்டில் போய்விடும். மாற்ற வரும் தூக்கி இயந்திரம் லாபிக் கதவில் நுழையுமா, அதன் எடையைக் கீழே பார்க்கிங்கின் கூரை தாங்குமா என்று வரைபடக் கட்டத்திலேயே கேட்டுவைப்பவர்கள் குறைவு. கேட்காத கட்டடத்தில் மாதக்கணக்கில் பிளைவுட் அடித்த வாசலைப் பார்க்கலாம்.