காய்ந்த நாளில் ஓடும் வாய்க்கால்

மாரியில் கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 வீதியோரம் வெள்ளம் நின்றுவிட்டால் உள்ளூராட்சி சபைக்குத் தொலைபேசி ஓயாது. "வாய்க்காலை வெட்டி விடுங்கோ" என்பார்கள். வெட்டி விடுவோம், தண்ணீரும் போய்விடும். அது எங்கே போகிறது என்று கேட்டு இன்றுவரை ஒருவரும் அழைத்ததில்லை.

வன்னியில் அது போய்ச் சேருவது அநேகமாக ஒரு குளத்தில். கிளிநொச்சியில் நகரை ஒட்டியே குளம் கிடக்கிறது. வவுனியாவில் வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம் என்று குடியிருப்புகளுக்கு நடுவிலேயே குளங்கள். ஒன்று நிரம்பி வான் பாய்ந்தால் கீழே இருக்கும் குளத்துக்கோ வயலுக்கோ போகும். மாடு குடிப்பதும் சனம் குளிப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

உள்ளூராட்சி வேலைப்பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து நான் கண்டது இது: வடிகாலை வெள்ளக் கணக்கில் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அதே ஆட்களை வைத்துக்கொண்டே அழுக்கையும் பெருமளவு மறிக்கலாம், துப்புரவு செய்யும் மாதத்தை மாற்றினால்.

வைகாசி தொடங்கி நாலைந்து மாதம் இங்கே பெரிதாக மழை கிடையாது. பஸ் நிலையத்திலும் சந்தையிலும் ஒயில் சொட்டு, டயர்த் தூள், மாட்டுச் சாணம், மீன் கழுவிய அழுக்கு, பொலித்தீன் எல்லாம் படிந்து காயும். ஐப்பசியில் கொட்டும் முதல் மழை அத்தனையையும் வழித்துக்கொண்டு போகும். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். அரை ஹெக்டேயர் சீமெந்துத் தரையில் 20 மில்லிமீற்றர் பெய்தால் 1 இலட்சம் லீற்றர், அதாவது 10,000 லீற்றர் பவுசர் (தண்ணீர்த் தாங்கி லொறி) பத்து. மிக அழுக்கானது இந்த முதல் தண்ணீர்தான், பிறகு வருவது ஓரளவு பரவாயில்லை. கார்த்திகையில் ஜேசிபியை இறக்கினால் வீதி காயும், குளத்துக்கு ஒரு பயனுமில்லை. ஆவணி, புரட்டாசியிலேயே கூட்டி அள்ளிவிட வேண்டும். அள்ளியதைக் கரையில் குவித்துவிட்டுப் போகிற வழக்கமும் இருக்கிறது. முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். உழவு இயந்திரப் பெட்டி ஒன்று கூடவே போகவேண்டும்.

அப்புறம், மழை இல்லாத நாளில் வாய்க்காலைப் பாருங்கள். கோடையில் மழைநீர் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதென்றால் அநேகமாக யாரோ குழாய் விட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கடையின் கழுவுநீர், வீட்டுக் குளியலறை, சிலவேளை மலக்குழியின் மேல்வழிவு. ஓட்டத்தின் எதிர்த்திசையில் நடந்துபோனால் மூலம் அகப்படும், ஆய்வுகூடம் தேவையில்லை. படமெடுத்து நாளும் இடமும் எழுதி சபைக்கும் பொது சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுங்கள். மாரியில் வரும் முறைப்பாட்டில் எந்த நீர் யாருடையது என்று எங்களாலேயே பிரிக்க முடியாது.

குப்பை அடைத்த வாய்க்காலில் எலி பெருகுவது தனிக் கதை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலில் உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சேர்விஸ் ஸ்டேசன்களுக்கும் கராஜ்களுக்கும் ஒயில் பொறி வேண்டும். ஒயில் மேலே மிதக்கும், தண்ணீரைக் கீழிருந்து குழாயால் வெளியே எடுக்கலாம். அவ்வளவுதான் அதன் நுட்பம். ஆனால் மிதக்கும் ஒயிலை அடிக்கடி வழித்தெடுக்காவிட்டால் அது வெறும் சீமெந்துத் தொட்டி. ஆண்டு வியாபார உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மூடியைத் திறந்து பார்க்கவேண்டும் என்பது என் பிடிவாதம். கடைக்காரர்களுக்கு என்மேல் கோபம், சரி, இருக்கட்டும்.

குளத்துக்கு முந்திய கடைசித் துண்டுக்கும் சீமெந்து போடச் சொல்லிக் கேட்காதீர்கள். அகலமான, புல் வளர்ந்த மண் வாய்க்காலில் ஓட்டம் தணிந்து வண்டல் படியும். அதற்கு முன்னால் ஒரு வண்டல் குழியும் இருந்தால் நல்லது. இங்கேதான் இழுபறி. ஏ-9 வடிகால் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது, உள்ளொழுங்கை எங்களுடையது, குளம் பெரிதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சிறிதென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். குழி யாருடைய காணியில் என்று முடிவெடுக்கவே ஒரு காலபோகம் (மாரி நெற்செய்கைக் காலம்) முடிந்துவிடும்.

அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் சபைக்கு வரும். புரட்டாசித் துப்புரவுக்கான கூலி அதில் தனியாக இருக்கிறதா என்று வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். வெள்ள நிவாரணத்தோடு சேர்த்துப் போட்டிருந்தால், வெள்ளம் வந்த பிறகுதான் காசு வெளியே வரும்.