பிளாக் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடாது: பிறைச் சால்வை பின்னுகிறவர்களுக்கு

இன்னொன்று வந்துவிட்டது. பிறை வடிவ லேஸ் சால்வை, மெரினோவும் பட்டும் கலந்த நல்ல நூல், மயில் கழுத்து நிறம், பின்னிய கையும் சுத்தமான கை. ஆனால் கீழ் ஓரம் மட்டும் பாட்டியின் சுருக்குப் பை போல உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டிலேயே பிளாக் பண்ணியிருக்கிறார்கள், அதாவது நனைத்து, குண்டூசி குத்தி, பலம் கொண்ட மட்டும் இழுத்திருக்கிறார்கள். ஓர நூல் இரண்டு இடத்தில் அறுந்து, கண்ணிகள் மேல் நோக்கி ஓடிவிட்டன. இந்த வார இறுதியில் தங்கை கல்யாண வரவேற்புக்குப் போட வேண்டுமாம். “பிளாக் பண்ணினா எல்லாம் சரியாயிடும்னுதானே சொல்றாங்க அக்கா?” என்று கேட்டபோது எனக்குக் கோபம் அவர் மேல் வரவில்லை, அந்த வாக்கியத்தின் மேல்தான் வந்தது.

பின்னல் கற்றுக்கொடுப்பதும், அடுத்தவர்கள் பின்னியதைப் பிளாக் செய்து, ரிப்பேர் பார்த்துக் கொடுப்பதும்தான் என் தொழில். மேசைக்கு வரும் பிறைச் சால்வைகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றுதான்: ஓரம் இறுக்கம். அதற்கு மருந்து பிளாக்கிங் என்று யாரோ கிளப்பிவிட்டதை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிளாக்கிங் என்ன செய்யும் என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கம்பளி ஈரத்தில் இளகும், இழுத்து வைத்த நிலையில் காய்ந்தால் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால் கசங்கிய துணி மாதிரி இருக்கும் லேஸ் விரிந்து, ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் யார்ன் ஓவர் ஓட்டைகள் திறந்து, இலையும் கொடியும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கண்ணிக்குக் கண்ணி இருக்கும் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுகளும் சமனாகும். அவ்வளவுதான். இல்லாத நூலை அது கொண்டுவராது. விட்டுப்போன யார்ன் ஓவரைப் போடாது. ஒரு வரிசையில் இரண்டு கண்ணி தள்ளிப்போன டிசைனை நேராக்காது. முக்கியமாக, பைண்ட் ஆஃப் வரிசையில், அதாவது கண்ணிகளை மூடி முடிக்கும் கடைசி வரிசையில், நீங்கள் கஞ்சத்தனமாகக் கொடுத்த நூலை ஒரு சென்டிமீட்டர்கூட நீளமாக்காது.

இதைக் கணக்காகப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பின்னும் ஒரு சால்வை கடைசி வரிசையில் 350 கண்ணியோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளாக் செய்தபின் ஒவ்வொரு கண்ணியும் 6 மில்லிமீட்டர் அகலம் விரிய வேண்டும் என்றால் வெளி வளைவு 210 சென்டிமீட்டர் வரும். நீங்கள் வழக்கமான முறையில், அதே ஊசியில், ‘ஓரம் நீட்டாக இருக்கட்டும்’ என்று கொஞ்சம் இழுத்துப் பிடித்து முடிக்கிறீர்கள். கண்ணிக்கு 4 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. ஓரத்தின் நீளம் 140 சென்டிமீட்டர். மீதி 70 சென்டிமீட்டர் எங்கிருந்து வரும்? தண்ணீரிலிருந்தா? உள்ளே இருக்கும் லேஸ் விரியத் தயாராக இருக்கிறது, ஓரம் விடமாட்டேன் என்கிறது. குண்டூசியை வைத்து நீங்கள் இழுக்க இழுக்க, அத்தனை இழுப்பும் அந்த ஒற்றை இழையில்தான் விழுகிறது. ஈரக் கம்பளி உலர்ந்ததைவிட பலவீனமானது. அறுகிறது. சதுரத் துண்டிலோ மஃப்ளரிலோ ஓரம் கொஞ்சம் இறுகினாலும் சமாளித்துவிடலாம், பிறையில் முடியாது, ஏனென்றால் அதன் மிக நீளமான பகுதியே அந்தக் கீழ் வளைவுதான்.

‘கொஞ்சம் இழுத்தால் வந்துவிடும், கம்பளி நெகிழும்’ என்பார்கள். நெகிழும், ஆனால் பின்னலில் நாம் காணும் நெகிழ்ச்சியில் பெரும்பகுதி இழையுடையது அல்ல, கண்ணியின் வடிவத்துடையது. கண்ணி குட்டையாகி அகலமாகிறது, அகலம் குறைந்து நீளமாகிறது. பைண்ட் ஆஃப் சங்கிலியில் அப்படிக் கடன் வாங்க இடமே இல்லை. இதை வகுப்பில் நான் சொல்லும்போது தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அதே இறுக்கத்தில் முடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுப் பெண்கள் இந்தத் தொல்லையையே வைத்துக்கொள்ளவில்லை. அங்கே உன்ஸ்ட் தீவில் கல்யாண மோதிரத்துக்குள் இழுத்துவிடும் அளவுக்கு மெல்லிய சால்வைகள் பின்னினார்கள். பழைய முறைப்படி ஓர லேஸை முதலில் குறுக்குவாட்டில் பின்னி, அதன் பக்கத்திலிருந்து கண்ணி எடுத்து உள்நோக்கிப் போவார்கள். வெளி ஓரத்தில் இறுகுவதற்கு பைண்ட் ஆஃப் என்ற ஒன்றே கிடையாது. பிறகு துவைத்து மரச்சட்டத்தில் கட்டி விரித்துக் காயவைப்பார்கள், அதுவும் தாராளமாக விரிந்துகொடுக்கும். எஸ்தோனியாவின் ஹாப்சாலு சால்வைகளில் ஓரத்தைத் தனியாகப் பின்னி, நடுப்பகுதியைச் சுற்றித் தைக்கிறார்கள். இந்த ஊர்களில் பிளாக்கிங் என்பது கடைசி வேலை, ஓரத்தின் கணக்கு முதல் வேலை. நாம்தான் தலைகீழாக்கிவிட்டோம்.

சரி, என்ன செய்வது? கடைசி வரிசை வந்ததும் குறைந்தது இரண்டு சைஸ் பெரிய ஊசி எடுங்கள். 4 மில்லிமீட்டரில் பின்னியிருந்தால் 5. இரண்டு கண்ணியைப் பின்பக்கமாக ஒன்றாக நிட் செய்து, வந்த கண்ணியை இடது ஊசிக்கே திருப்பிவிட்டு, மறுபடி இரண்டை ஒன்றாக. லேஸுக்கு இதுவே போதும். சாக்ஸுக்குச் செய்வதுபோல் ஒவ்வொரு கண்ணிக்கும் யார்ன் ஓவர் சேர்த்து முடிக்கும் முறையை இங்கே கொண்டுவராதீர்கள், ஓரம் தடித்து அலையலையாகத் தொங்கும். முப்பது கண்ணி முடித்தவுடன் நிறுத்தி, பிளாக் செய்யப்போகும் அகலத்துக்கு அந்தத் துண்டைக் கையால் விரித்துப் பாருங்கள். ஓர இழை விறைத்தால் அங்கேயே பிரித்துவிடுங்கள். முப்பது கண்ணி பிரிப்பதற்குச் சோம்பல் பட்டுத்தான் 350 கண்ணியையும் என்னிடம் கொண்டுவருகிறீர்கள்.

மேல் ஓரத்தையும் மறந்துவிடாதீர்கள். நடுவில் ஒரு சின்னப் பட்டையில் ஆரம்பித்து இரு முனையிலும் கண்ணி கூட்டிக்கொண்டே போகும் பிறையில், கழுத்தை ஒட்டி வரும் மேல் ஓரம் என்பது உங்கள் வரிசைகளின் இரு முனைகள்தான். ‘முதல் கண்ணியைப் பின்னாமல் தள்ளினால் ஓரம் அழகாக வரும்’ என்று ஸ்வெட்டரில் படித்ததை இங்கே செய்தால், இரண்டு வரிசைக்கு ஒரே ஒரு கண்ணி நீளம்தான் ஓரத்துக்குக் கிடைக்கும். பிறை எப்படி வளையும்? எல்லாக் கண்ணியையும் பின்னுங்கள், ஓரக் கண்ணிகளை லூசாகப் பின்னுங்கள். அப்படியும் இறுகும் கை என்றால், முதல் கண்ணிக்குப் பிறகு ஒரு யார்ன் ஓவர் போட்டு அடுத்த வரிசையில் அதைப் பின்னாமல் நழுவவிடுங்கள், அந்த நூல் ஓரத்துக்குப் போய்ச் சேரும். கீழ் ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையை முழுதாகப் பின்னாமல் பாதியில் திரும்பும் ஷார்ட் ரோவில் வளைக்கும் பிறை என்றால் இதே பேச்சு முதல் கண்ணிகளைப் போடும் காஸ்ட் ஆனுக்குப் பொருந்தும்: பெரிய ஊசி, தளர்ந்த கை.

நூல் பற்றாக்குறைக்கு வருகிறேன், ஏனென்றால் பைண்ட் ஆஃபை இறுக்கும் கைகளில் பாதி பயத்தில் இறுக்குகின்றன. உருண்டை சிறுத்துக்கொண்டே வருவதைப் பார்த்து நூலை மிச்சம் பிடிக்கிறார்கள். மேலிருந்து வரும் பிறையில் பாதி உயரம் வந்ததும் பாதி நூல் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள், ஏறக்குறைய கால் பங்குதான் போயிருக்கும். கடைசிப் பத்து சதவீத உயரம் மட்டும் மொத்த நூலில் கிட்டத்தட்ட 19 சதவீதத்தை விழுங்கும். இதனால்தான் ‘சால்வைதானே, யார் உடம்புக்கும் பொருந்த வேண்டியதில்லை, இத்தனை அளவுக்கு இத்தனை கண்ணி என்ற கேஜ் எதற்கு’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. உடம்புக்கு வேண்டாம், உருண்டைக்கு வேண்டும். மாதிரித் துண்டு பின்னுங்கள், நனைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். சமையலறை எடை மெஷினில் ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் உருண்டையை நிறுத்துப் பாருங்கள். ஒரு வரிசையின் எடை சின்ன மெஷினில் தெரியாவிட்டால் நான்கு வரிசைக்கு நிறுத்து வகுத்துக்கொள்ளுங்கள். தளர்வான முடிப்புக்கு நூல் அதிகம் பிடிக்கும், நான் குறைந்தது மூன்று வரிசைக்கான நூலை ஒதுக்கச் சொல்வேன். போதாது என்று தெரிந்தால் லேஸில் திரும்பத் திரும்ப வரும் டிசைனில் ஒரு ரிபீட்டைக் குறையுங்கள். டிசைன் எழுதியவர் வந்து எண்ணப்போவதில்லை.

அக்ரிலிக்கில் பின்னியவர்களே, உங்களுக்குத் தனியாக. தண்ணீரில் நனைத்துக் குத்தி வைத்த அக்ரிலிக், ஊசியை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே பழைய சுருக்கத்துக்கு நகர ஆரம்பிக்கும். அதற்கு நீராவி வேண்டும், அயர்ன் பாக்ஸைத் துணியில் படாமல் மேலே பிடித்து. பட்டால் இழை இளகிச் செத்துவிடும், தொளதொளவென்று பளபளப்பாகிவிடும், அப்புறம் அதை யாராலும் திருப்ப முடியாது. தயவுசெய்து பழைய மாதிரித் துண்டு ஒன்றில் முதலில் செய்து பாருங்கள்.

கம்பளி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது முப்பது நிமிடம் ஊறட்டும். கசக்காதீர்கள், பிழியாதீர்கள், குழாயை மேலே நேராகத் திறந்துவிடாதீர்கள், இழைகள் ஒட்டிச் சுருங்கி ஃபெல்ட் ஆகிவிட்டால் லேஸ் போச்சு. டவலில் சுருட்டி அழுத்துங்கள். வளையும் கம்பி இருந்தால் மேல் ஓரத்தில் கோத்து, முதலில் மேல் ஓரத்தை அமைத்துவிட்டு, நடுவிலிருந்து இரு பக்கமாகக் கீழ் முனைகளைக் குத்திக்கொண்டு போங்கள். துருப்பிடிக்காத ஊசி. நன்றாகக் காயும்வரை தொடாதீர்கள். மெஷினில் துவைக்கப் பதப்படுத்திய சூப்பர்வாஷ் மெரினோ ஈரத்தில் எக்கச்சக்கமாக வளரும், அதை இழுத்தது போதும் என்று தோன்றுவதற்கு முன்பே நிறுத்துங்கள். துவைக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி பிளாக் செய்ய வேண்டும், அது சால்வையின் குறை இல்லை.

தப்பு வந்து பிரித்தால் அந்த இடத்தோடு நிறுத்தும் லைஃப்லைன் நூலைப் போடச் சொல்லி எத்தனை தடவை சொல்வது? ஒவ்வொரு ரிபீட்டும் முடிந்ததும், டிசைன் இல்லாத வரிசையில், வழுவழுப்பான மெல்லிய நூலைக் கண்ணிகளுக்குள் ஓட்டிவிடுங்கள். மார்க்கருக்குள் ஓட்டாதீர்கள். போடுங்கள், அவ்வளவுதான்.

ஏற்கெனவே ஓரம் இறுகிப்போன சால்வை கையில் இருக்கிறதா? இழுக்காதீர்கள், கத்தரியை நடுவில் வைக்காதீர்கள். பைண்ட் ஆஃப் முடிந்த முனையைத் தேடி, செருகியிருக்கும் வாலை வெளியே எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து மெல்லிய வட்ட ஊசியில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு தடவை பிளாக் ஆன கம்பளி பயப்படும் அளவுக்கு ஓடாது, கண்ணிகள் நின்ற இடத்தில் நிற்கும். மோஹேர் என்றால் ஃபிரீஸரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள், முடி சிக்கல் சற்றுக் குறையும். பிரித்து வந்த நூல் புது முடிப்புக்குப் போதாது, இறுக்கமாகப் போட்டதுதானே. மிச்ச நூலைச் சேருங்கள், அதுவும் இல்லையென்றால் ஒரு வரிசையையும் சேர்த்துப் பிரித்துவிடுங்கள். நடுவில் அறுந்திருந்தால் ஓடிய கண்ணிகளைச் சேஃப்டி பின்னில் பிடித்து வைத்துவிட்டு, மேலும் கை வைக்காமல் கொண்டுவாருங்கள். விசேஷத்துக்கு முந்தின நாள் வேண்டாம், காய்வதற்கே எனக்கு ஒரு முழு நாள் ஆகும். மிச்ச நூல் ஒரு கைப்பிடி இருந்தாலும் லேபிளோடு எடுத்து வாருங்கள், ஒரே தொகுதியாகச் சாயமேற்றிய அதே லாட்டைத் தேடி நான் அலைய முடியாது.