தேசியக் காடுகளில் எதற்குப் பணம், எதற்கு வேண்டாம்

அமெரிக்கத் தேசியக் காடுகளில் நடக்கவும், கூடாரம் போட்டுத் தூங்கவும் பெரும்பாலான இடங்களில் ஒரு சென்ட் கூடக் கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் காசைக் கொடுப்பவர்கள் நிறைய பேர். பாதிக் கட்டணம்தான் என்ற உரிமை இருந்தும் முழுசாகக் கட்டிவிட்டு வருபவர்களும் நிறைய பேர். பலகையில் பெரிதாக எழுதியிருப்பது கட்டணத் தொகை மட்டும். அது யாருக்கு, எதற்கு என்பதைக் கேட்டால் அலுவலகத்துக்கு அலுவலகம் பதில் மாறுகிறது. அடிக்கடி ஏமாறும் இடங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் போன்றவை தேசியப் பூங்காக்கள். வாசலில் நுழைவுக் கட்டணம் உண்டு. தேசியக் காடுகள் வேறு. அவை மொத்தம் 154, வேளாண்மைத் துறையின் கீழ் இருக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸின் பொறுப்பில் உள்ளவை. காட்டுக்குள் நுழைவதற்கென்று கட்டணம் கிடையாது. வெளிநாட்டவர் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று 2026 ஜனவரி 1 முதல் வந்த விதி 11 தேசியப் பூங்காக்களுக்கு மட்டுமே. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள் என்பதற்காகக் காட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

வண்டியை நிறுத்தினாலே காசா?

2004 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்றுதான் இதற்கெல்லாம் அடிப்படை. வண்டி நிறுத்துவதற்காக மட்டும், சாலையோரம் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக, காட்சிமுனையில் நின்று பார்ப்பதற்காக, வசதிகளைப் பயன்படுத்தாமல் நடந்து போவதற்காக ஃபாரஸ்ட் சர்வீஸ் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதில் நேரடியாகவே எழுதியிருக்கிறது. ஒரு நாள் கட்டணம் வாங்க வேண்டுமானால் அந்த இடத்தில் ஆறும் இருக்க வேண்டும்: அமைக்கப்பட்ட வண்டி நிறுத்துமிடம், நிரந்தரக் கழிப்பறை, நிரந்தரக் குப்பைத் தொட்டி, விளக்கப் பலகை, பிக்னிக் மேசை, பாதுகாப்பு ஏற்பாடு. ஐந்து இருந்தாலும் போதாது.

இருந்தும் வசூல் நடந்தது. அரிசோனாவின் கொரொனாடோ தேசியக் காட்டில் மவுண்ட் லெமன் மலைச்சாலை முழுவதையும் ஒரே கட்டணப் பகுதியாக ஆக்கி வைத்திருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு நடக்க மட்டும் செய்பவரிடம் வாங்கக் கூடாது என்று 2012-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தெற்கு கலிஃபோர்னியாவின் ஏஞ்சலஸ், கிளீவ்லாண்ட், லாஸ் பாட்ரெஸ், சான் பெர்னார்டினோ காடுகளில் வண்டியை நிறுத்துபவர்கள் வாங்க வேண்டிய அட்வென்ச்சர் பாஸ் என்ற கட்டணச் சீட்டு குறித்து 2014-ல் அதே வழியில் இன்னொரு தீர்ப்பு வந்தது.

நடைமுறையில் என்ன செய்வது? கழிப்பறையும் மேசையும் தேவையில்லை, நடக்கத்தான் வந்தீர்கள் என்றால், கட்டணப் பலகை இருக்கும் நிறுத்துமிடத்துக்குள் போகாமல், அதற்கு வெளியே சட்டப்படி நிறுத்தக்கூடிய சாலையோரத்தில் நிறுத்தி நடந்து போங்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நான்கு சக்கரமும் இருக்க வேண்டும். ‘நிறுத்தாதே’ பலகை இருக்கக் கூடாது. உள்ளே நிறுத்திவிட்டுத் தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதாடுவது 5 டாலருக்காக ஒரு நாளை இழப்பதில்தான் முடியும். கண்ணாடியில் கட்டண அறிவிப்புச் சீட்டு ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் அபராதம் இல்லை, கட்டாத கட்டணத்தைக் கட்டச் சொல்லும் சீட்டு. கெடுவுக்குள் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. கண்டுகொள்ளாமல் விட்டால்தான் வழக்காகும். அப்போதும் முதல் முறைக்கு அபராதம் 100 டாலரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வாடகை வண்டியில் போகிறவர்கள் அந்தச் சீட்டைக் கட்டாயம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு வண்டி நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் விஷயம் அவர்கள் வழியாகச் சுற்றி வரும்போது கெடு தாண்டியிருக்கும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கூடாரம் போட அமைத்த பல இடங்களையும் (கேம்ப்கிரவுண்டுகள்) ஏரிக்கரைகளையும் தனியார் குத்தகைதாரர்கள் நடத்துகிறார்கள். அவர்களுக்கு உரிமம் கொடுப்பது 1950-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று. 2004 சட்டத்தின் தடைகள் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதே நடைமுறை. ஒரே காட்டுக்குள், அரை மைல் இடைவெளியில், ஓரிடத்தில் உங்கள் பாஸ் செல்லும், அடுத்த இடத்தில் செல்லாது. பொதுச் சொத்தில் நடக்கும் வசூலுக்கு இரண்டு விதமான விதிகள் இருப்பதை எந்த வாசலிலும் விளக்கி எழுதியதில்லை. புறப்படுவதற்கு முன் அந்த இடத்தை யார் நடத்துகிறார்கள் என்று அதன் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

பாஸ் வாங்கும் முன்

தேசியப் பூங்காக்களுக்கும் காடுகளுக்கும் பொதுவான ‘அமெரிக்கா த பியூட்டிஃபுல்’ வருடாந்தர பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 2026 முதல் 250 டாலர். 80 டாலர் விலைக்கு அமெரிக்க அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். இந்த பாஸ் காட்டில் ஒரு நாள் கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்யும். கேம்ப்கிரவுண்ட் கட்டணத்தில் ஒரு டாலர்கூடக் குறையாது. “பாஸ்தான் வாங்கிவிட்டோமே” என்று கூடாரத்தோடு போய் இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாஷிங்டன், ஓரிகன் மாநிலக் காடுகளின் டிரெயில்களுக்கு மட்டும் போகிறவர்களுக்கு 30 டாலர் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸே போதும். 80 டாலர் பாஸ் இருந்தால் இது தனியாக வேண்டாம். ஆனால் இரண்டில் எதுவும் வாஷிங்டன் மாநிலப் பூங்காக்களில் செல்லாது. அங்கே டிஸ்கவர் பாஸ் வேறு.

இனி 62 வயது நிறைந்தவர்களுக்கான சீனியர் பாஸ். ஆண்டுக்கு 20 டாலர், ஆயுளுக்கும் 80 டாலர். நம் வீடுகளில் அதிகம் ஏமாறுவது இதில்தான். வயது மட்டும் தகுதி ஆகாது. விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் 70 வயது அப்பாவுக்குக் கிடைக்காது. அவர் பெயரில் ஆன்லைனில் பணம் கட்டிவிட்டால் பாஸும் வராது, பணத்துக்கும் அலைய வேண்டும். அவருக்கென்று தனியாக எதுவும் வாங்கத் தேவையும் இல்லை. வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்களில் உங்கள் பாஸ் ஒன்றே வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் போதும்.

கிரீன் கார்டு உள்ள பெற்றோருக்கு வாங்குவதென்றால் நேரில் வாங்குங்கள். ஆன்லைனில் அட்டையை வரவழைத்தால் ஆவணம் சரிபார்க்கக் கூடுதல் கட்டணம் வைக்கிறார்கள். எல்லா ரேஞ்சர் அலுவலகங்களும் பாஸ் விற்பதில்லை. விற்கும் அலுவலகங்களிலும் பல சனி ஞாயிறு மூடியிருக்கும். வேலை நாளில் போன் செய்து, “இன்று சீனியர் பாஸ் அட்டை கையிருப்பில் இருக்கிறதா” என்று இதே சொற்களில் கேளுங்கள். “பாஸ் விற்கிறீர்களா” என்று கேட்டால் “ஆம்” என்பார்கள். போய் நின்றால் அட்டை தீர்ந்திருக்கும். அட்டைக்குப் பின்னால் போடும் கையெழுத்து அடையாள அட்டையில் இருப்பதைப் போலவே இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் லைசென்ஸில் வேறு விதமாகவும் பெயர் இருக்கும் நம்மவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அட்டை தொலைந்தால் மாற்று தரமாட்டார்கள், திரும்பவும் பணம் கட்ட வேண்டும். 20 டாலர் பாஸை நான்கு ஆண்டுகள் வாங்கியிருந்தால் அந்த நான்கையும் கொடுத்து ஆயுள் பாஸ் பெறலாம். கேட்டால்தான் செய்வார்கள், ஆகவே பழைய அட்டைகளை எறியாதீர்கள்.

நிரந்தர ஊனம் உள்ளவர்களுக்கான ஆக்ஸஸ் பாஸ் இலவசம், ஆயுளுக்கும் செல்லும். இதற்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். வண்டியில் தொங்கும் ஊனமுற்றோர் பார்க்கிங் அட்டையைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். மருத்துவர் கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பாதிப்பு நிரந்தரமானது, அன்றாட வாழ்வின் முக்கியச் செயல் ஒன்றையாவது அது பெரிதும் கட்டுப்படுத்துகிறது, பாதிப்பின் தன்மை இன்னது. “என்னிடம் சிகிச்சை பெறுகிறார்” என்று மட்டும் எழுதிய கடிதங்கள் திரும்பி வருகின்றன. நூறு சதவீத ஊனம் தேவை என்று யாராவது சொன்னால் அது தவறு.

சீனியர், ஆக்ஸஸ் பாஸ் இரண்டுக்கும் கேம்ப்சைட் கட்டணத்தில் பாதி தள்ளுபடி பெரும்பாலான ஃபாரஸ்ட் சர்வீஸ் கேம்ப்கிரவுண்டுகளில் உண்டு. தள்ளுபடி பாஸ் உள்ளவர் தங்கும் ஒரு சைட்டுக்கு மட்டும். அம்மாவின் எண்ணைப் போட்டு பதிவு செய்துவிட்டு அம்மாவை வீட்டில் விட்டுப் போனால், வாசலில் முழுக் கட்டணமும் கேட்பார்கள். அட்டையை மறந்தாலும் அதே கதிதான். மின் இணைப்புக் கட்டணம், முன்பதிவுக் கட்டணம், குழுவாகத் தங்கும் பெரிய சைட்டுகள் ஆகியவற்றில் தள்ளுபடி இல்லை.

முன்பதிவில் போகும் பணம்

பதிவு செய்யும் அரசுத் தளம் ரெக்ரியேஷன் டாட் கவ் ஒன்றுதான். கடைசியில் ‘டாட் கவ்’ இல்லாத முகவரியில் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான இடங்கள் ஆறு மாதம் முன்பாகத் திறக்கும், கிழக்கு நேரம் காலை 10 மணிக்கு. கோடைக்கால சனிக்கிழமைகள் நிமிடங்களில் போய்விடும். முன்கூட்டியே கணக்கைத் திறந்து, வண்டி எண்ணையும் பாஸ் எண்ணையும் ஏற்றி வைத்திருங்கள்.

ரத்து செய்தால் 10 டாலர் போகும், முன்பதிவுக் கட்டணமும் திரும்பாது. வந்து சேரும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ ரத்து செய்தால் முதல் இரவின் கட்டணமும் சேர்ந்து போகும். சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் 20 டாலரும் முதல் இரவும். காட்டுத்தீ காலத்தில் பலர் இழப்பது இப்படித்தான்: புகைச் செய்தியைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டுத் தாங்களே ரத்து செய்துவிடுகிறார்கள். மறுநாள் அலுவலகம் அந்த இடத்தை மூடுகிறது. அலுவலகமே மூடினால் எல்லாப் பணமும் திரும்ப வரும், நீங்களே ரத்து செய்திருந்தால் வராது. ஆகவே தீ அருகில் இருந்தால், அபராதம் ஏறும் கெடு வரை பொறுத்து, மூடும் உத்தரவு வருகிறதா என்று பாருங்கள். பணம் திரும்பக் கேட்க வேண்டியிருந்தால் பதிவின் கடைசி நாளிலிருந்து 14 நாளுக்குள் கேட்க வேண்டும். பிறகு யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

முன்பதிவு இல்லாத, முதலில் வருபவருக்கே என்ற சைட்டுகளில் வாசலில் ஒரு இரும்புப் பெட்டியும் உறைகளும் இருக்கும். வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும். சில்லறை தர ஆள் இல்லை. 1, 5, 10 டாலர் நோட்டுகளும் ஒரு காசோலையும் எடுத்துப் போங்கள். உறையில் சைட் எண், தேதி, வண்டி எண் எழுதிக் கட்டணத்தைப் போடுங்கள். சீனியர் அல்லது ஆக்ஸஸ் பாஸ் இருந்தால் அதன் எண்ணையும் எழுதி, பாதிக் கட்டணத்தைப் போடுங்கள். பெட்டியில் போடும் முன் துண்டுச் சீட்டைக் கிழித்துக்கொண்டு உறையைப் படம் எடுங்கள். அந்தத் துண்டுதான் ரசீது, வேறு எதுவும் கிடையாது. இரண்டாவது வண்டிக்குத் தனிக் கட்டணம் இருக்கும். நண்பர்கள் மூன்று வண்டியில் வந்து சேர்ந்தால் ஒரு சைட் போதாது.

பணமே கட்டாமல் தங்குவது

கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே காட்டுக்குள் எங்காவது கூடாரம் போடுவது பெரும்பாலான காடுகளில் இலவசம். தண்ணீர், கழிப்பறை, குப்பைத் தொட்டி எதுவும் இருக்காது. ஒரே இடத்தில் 14 நாள் என்பது பொதுவான வரம்பு, காட்டுக்குக் காடு மாறும். எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்பதற்கு ஒவ்வொரு காடும் மோட்டார் வாகன வரைபடம் ஒன்றை இலவசமாகத் தருகிறது. போனில் காட்டும் வழிகாட்டியை நம்பி, வரைபடத்தில் இல்லாத மண்பாதையில் ஏறினால் அது குற்றம். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் இருக்காது. ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளிக் கூடாரம் போடுங்கள்.

நெருப்பு விஷயத்தில் விளையாட வேண்டாம். கலிஃபோர்னியாவில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே சிறு காஸ் அடுப்பு மூட்டக்கூட கேம்ப்ஃபயர் பர்மிட் வேண்டும். இலவசம்தான், ஆன்லைனில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அப்போதே கிடைக்கும், டிசம்பர் 31 வரை செல்லும். ஆனால் தீக் கட்டுப்பாடு அறிவித்துவிட்டால் பர்மிட் கையில் இருந்தாலும் விறகு எரிக்க முடியாது. கட்டுப்பாட்டு உத்தரவை மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். விசாவில் இருப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உத்தரவுகள் அந்தந்தக் காட்டின் இணையப் பக்கத்தில் ‘அலர்ட்ஸ்’ என்ற தலைப்பில் வரும். பக்கம் பழையதாக இருப்பதும் உண்டு. புறப்படும் நாளுக்கு முந்தைய வேலை நாளில், காட்டின் தலைமை அலுவலகத்தை விட்டுவிட்டு, நீங்கள் போகும் பகுதியின் ரேஞ்சர் அலுவலகத்துக்கே போன் செய்து, சாலை திறந்திருக்கிறதா, தீக் கட்டுப்பாடு எந்த நிலையில் இருக்கிறது, அந்த இடத்தில் என் பாஸ் செல்லுமா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.