அமிலத்தில் பிடி, ரத்தத்தில் விடு

கைக்குழந்தை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு ஒரே ஊசி போட்டால் ஐந்து மாதம் தாங்குமாம். தடுப்பூசி இல்லையாம், எதிர்ப்பொருளையே நேராக ஏற்றுகிறார்களாம். வெளியிலிருந்து போன பொருள் அத்தனை நாள் உடம்பில் எப்படித் தங்கும்?"

இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துபோகிற வைரஸ் இது. நமக்கு வெறும் சளி. இரண்டு மாதக் குழந்தையின் நுண்ணிய மூச்சுக்குழல்களிலோ, உதிர்ந்த செல்களும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே குழியும். உலகில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் குழந்தைகளை இது கொல்கிறது. இதற்கு எதிராக, கிருமியை முடக்கும் புரதமான எதிர்ப்பொருளையே மருந்தாகத் தருகிறார்கள். 1998இல் வந்த பாலிவிசுமாப் என்ற எதிர்ப்பொருளை மாதாமாதம் போட வேண்டும். வாசகி கேட்டது, 2022இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற நிர்செவிமாப் பற்றி; அதற்கு ஒரு ஊசி போதும்.

ரகசியம் ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கிறது. அங்குள்ள செல்கள் ரத்தத் திரவத்தை ஓயாமல் மிடறு மிடறாக உறிஞ்சுகின்றன. ஒவ்வொரு மிடறும் ஒரு குமிழியாக உள்ளே போகும். போகப் போகக் குமிழிக்குள் அமிலம் ஏறும். கடைசியில் அதிலுள்ள புரதங்கள் சிதைந்துபோகும். எதிர்ப்பொருளும் புரதம்தான், அதுவும் சிதைந்திருக்க வேண்டும். ஆனால் குமிழியின் சுவரில் எஃப்.சி.ஆர்.என். என்ற ஏற்பி, அதாவது எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம், காத்திருக்கிறது. பி.எச். (அமிலம் ஏற ஏற இறங்கும் அளவு) 6க்கு இறங்கியதும் எதிர்ப்பொருளில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன, ஏற்பி அதைக் கவ்விக்கொள்கிறது. கவ்வியது அழிவுக்குப் போகாமல் செல்லின் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. அங்கே ரத்தத்தின் பி.எச். 7.4. மின்னேற்றம் போகிறது, பிடி தளர்கிறது, எதிர்ப்பொருள் மறுபடி ரத்தத்தில் மிதக்கிறது. கட்டளையிட யாரும் இல்லை, அமிலமே சாவி. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இப்படி மீட்கப்படுவதால்தான் சாதாரண எதிர்ப்பொருளின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலம், மூன்று வாரம். நிர்செவிமாபில் மூன்றே அமினோ அமிலங்களை மாற்றி, அமிலத்தில் மட்டும் பிடியை இறுக்கினார்கள். ரத்தத்திலும் இறுகியிருந்தால் ஏற்பி அதை விட்டிருக்காது, எல்லாம் வீணாகியிருக்கும். இப்போது அரை ஆயுள் சுமார் 70 நாள்.

இந்த ஏற்பிக்கு இன்னொரு வேலையும் உண்டு: நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பொருளைச் சிசுவுக்குக் கடத்துவது. இரண்டு வேலைக்கும் ஏற்பி ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று 1960களிலேயே ஊகித்தவர் ரோஜர்ஸ் பிராம்பெல். முயல்களில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு எப்படிப் போகிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த விலங்கியலாளர் அவர். 'இதனால் உடனே என்ன பயன்?' என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்கள் அந்த முயல்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கான ஆர்.எஸ்.வி. தடுப்பூசி 2023இல் வந்தது. அதுவும் இந்த ஏற்பியைத்தான் நம்பியிருக்கிறது. தாயின் உடல் எதிர்ப்பொருளைச் செய்யவும், அது நஞ்சுக்கொடியைக் கடக்கவும் நாள் பிடிக்கும். அதனால்தான், தாய் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு வாரத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டால், குழந்தைக்கும் நிர்செவிமாப் போடச் சொல்கிறார்கள்.